பின்பக்கத்து முறைப்பாடு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். ஸ்டேசன் பக்கம் மூட்டம் இறங்கி ரயில் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். துணி ஒன்றும் காயாது.

இன்றைக்கு: மகள் வினோவின் ஸ்கூல் கவுன் நீளம் இறக்க. ஜெயாவின் பிளவுஸ் கை (மூன்றாவது தடவை, அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய). மா, பருப்பு, மெசின் ஊசி. பின்பக்கம் போய் எட்டுக்கால் பூச்சி பார்க்க.

கடைசி வேலை பின்பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் தர்சினி டீச்சர் தந்தது. விடிந்தும் விடியாமலும் வட்ஸ்அப், போட்டோவோடு:

"அன்ரி, படுக்கிற அறைச் சுவரில சிலந்தி. நேற்றும் வந்தது. பெரிசு. பிள்ளை சரியாப் பயப்பிடுறாள். நேரம் கிடைக்கேக்க ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ? பின்னால அடுக்கியிருக்கிற விறகுக்குள்ள இருந்து வருகுதோ தெரியேல்ல."

போனேன். ஜாம் போத்தலும் பழைய கல்யாணக் கார்டும் கையில். சுவரில் கையகலத்துக்கு ஒன்று, கபில நிறம், அசையாமல். டீச்சர் கதவுக்கு வெளியே. மகள் ஆரபி அம்மாவின் சாரிக்குப் பின்னால். போத்தலைக் கவிழ்த்தேன், கார்டைச் சொருகினேன், வெளியே கொண்டுபோய்த் தேயிலைக்குள் தட்டிவிட்டேன். ஒரு நிமிச வேலை.

"யாழ்ப்பாணத்துல இதெல்லாம் இல்லையா டீச்சர்?"

"இருக்கு அன்ரி. ஆனா இந்தளவு பெரிசில்லை. இப்பிடி ஓடாது."

ஸ்கூலில் தவளையை அறுத்துக் காட்டுகிற சயன்ஸ் டீச்சர். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வாடகைக்கு வீடு விட்டவள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கக்கூடாது. முறைப்பாடு வந்தது, தீர்த்தாயிற்று.

ஆனால் விறகைச் சொன்னது பிடிக்கவில்லை. காஸ் இல்லாமல் ஊரே சிலிண்டரோடு வரிசையில் நின்ற வருசம் இந்த வீட்டில் மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது அந்த விறகால்தான். சாதாரண விறகா அது. கவ்வாத்து மிளாறு. ஏழாம் நம்பர் மலையில் தேயிலை வெட்டினபோது கிடந்த கிளையெல்லாம் நானே கட்டிச் சுமந்தது, விரல் மொத்தம் பார்த்துப் பிரித்து அடுக்கியது. அப்படி ஓர் அடுக்கு வட்டகொடையில் வேறு யார் வீட்டிலும் இல்லை.

ஜூன் 4, புதன்

மழை. நேற்றைய ஆள் போய் அவன் அண்ணன் வந்திருக்கிறான். மறுபடியும் போத்தல்.

எட்டுக்கால் பூச்சி என்று முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி எ.பூ.

பின்பக்க இரண்டு அறையையும் குசினியையும் சுற்றிப் பார்த்தேன். காரணம் கண்டுபிடித்தாயிற்று:

கட்டிலுக்குக் கீழ் அட்டைப் பெட்டி. பிரிக்காத புத்தகங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபடியே.
ஜன்னல் எப்போதும் பூட்டு. குளிராம்.
அலுமாரிக்குப் பின்னால் தூசி.

டீச்சரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ஓம் அன்ரி, ஓம் அன்ரி" என்று கேட்டுக்கொண்டது. நல்ல பிள்ளை. எதிர்த்துப் பேசாது. அது ஒன்றுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம்; எதிர்த்துப் பேசுகிறவர்களோடுதான் எனக்குப் பேச வரும்.

இவரிடம் சொன்னேன். பேக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த வெறகக் கொஞ்சம் நகட்டிப் பாரு, செல்வி."

"நீங்க பேக்டரியப் பாருங்க. வீட்ட நான் பாத்துக்கிறேன்."

இவருக்கு அந்த விறகு மேல் எப்போதும் ஒரு கண். காஸ் வந்த பிறகும் எதற்கு என்று கேட்பார். காஸ் திரும்ப இல்லாமல் போகாது என்று யார் எழுதிக் கொடுத்தது?

மூன்று மணிக்குப் பின் படி நிறையச் செருப்பு. இந்த வருசம் ஓ.எல். சோதனை எழுதப்போகிற பிள்ளைகள். லயத்துப் பிள்ளைகள்தான் எல்லாரும், நம் வினோவும். டீச்சர் ஸ்கூல் விட்டு வந்து சும்மாவே பாடம் சொல்லிக் கொடுக்கிறது. தையல் மெசினை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கேட்டேன். ஒளித்தொகுப்பு. இலைக்குள் இவ்வளவு சங்கதியா. இத்தனை வருசம் அம்மா பறித்த இலை.

ஜூன் 5, வியாழன்

வெயில், பதினொரு மணிவரை. துணி பாதி காய்ந்தது.

தம்பி ரவி போன் பண்ணினான். நுவரெலியாவில் வேன் ஓட்டுகிறான், டூரிஸ்ட் ஏற்றி. எ.பூ. கதையை ஏன்தான் அவனிடம் சொன்னேனோ.

"அக்கா, நல்லதாப் போச்சு. டீச்சர் போனா போகட்டும். பின்பக்கத்த ரூமாக்கிருவோம். வெள்ளக்காரன் வந்தா எட்டுக்கால் பூச்சியயும் போட்டோ புடிச்சிக்கிட்டு சந்தோசமாப் போவான்."

"டீச்சர் போறேன்னு யாருடா சொன்னா?"

"இல்ல, போனா."

போனை வைத்துவிட்டேன். இது என் வீடு. குவைத்தில் வேலை செய்து கட்டியது. ஒவ்வொரு சுவரும் எந்த வருசத்துச் சம்பளம் என்று தெரியும். அதில் யார் இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்லுவேன். டீச்சர் வருவதற்கு முன் அந்த ஸ்கூலில் சயன்ஸுக்கு ஆளே இல்லை. வினோவின் ஒன்பதாம் வகுப்பு சயன்ஸ் கொப்பி முழு வருசமும் வெறும் தாள். அது ரவிக்கு எங்கே தெரியும்.

அலுமாரிக்குப் பின்னால் நானே கூட்டினேன். பெட்டியெல்லாம் கட்டிலுக்கு மேல் ஏற்றினேன். ஜன்னல் திறந்தாயிற்று. ஆரபிக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுகிறது.

எ.பூ. வந்தது.

ஜூன் 6, வெள்ளி

தலவாக்கலை டவுன். நூல், பட்டன், ஜெயாவுக்கு ஹூக். ஹார்ட்வேர் கடை நானாவிடம் பூச்சி மருந்து.

"என்ன பூச்சிக்கு அக்கா?"

சொன்னேன். நானா யோசித்தார்.

"அது ஒண்டும் செய்யாதே. பாவம், கரப்பானத் திண்டுட்டுப் போகும்."

"வாடகைக்கு இருக்கிறவங்க பயப்படுறாங்க நானா."

"அப்ப சரி. வெளிச் சுவருக்கு மட்டும் அடிங்க. உள்ளுக்கு அடிச்சிராதீங்க, சின்னப் புள்ள இருக்கிற வீடு."

அவ்வளவு தெரியாதா எனக்கு. ஆனாலும் சொன்ன மனுசனுக்கு நன்றி. வரும் வழியில் பஸ்ஸில் ஒரு கிழவி கோழிக்குஞ்சுக் கூடையை என் மடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். சாரி நாசம்.

மேல் வீட்டு மரக்கறித் தோட்டத்துக்காரர் மருந்தடிக்கிற முதுகு டாங்கி தருவதாகச் சொன்னார். நாளைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன்.

ஜூன் 7, சனி

மழை விட்ட நேரம் பார்த்து அடித்தேன். முகத்தில் துணி, கையில் ரப்பர் கிளவுஸ், முதுகில் டாங்கி. பின் சுவர் முழுக்க, விறகு அடுக்கின் வெளிப்பக்கம், அதை மூடின தரப்பாளின் ஓரம், வடிகான் எல்லாம். டீச்சரையும் பிள்ளையையும் பின்னேரம் வரை நம் பக்கம் வைத்துக்கொண்டேன். நான் தைத்து மிஞ்சின துணித்துண்டுகளை ஆரபி நிறவாரியாக அடுக்கினாள். நல்ல கை. டீச்சர் வினோவின் பழைய வருசத்துச் சோதனைப் பேப்பர் திருத்தியது.

இவர் வாசலில் நின்று பார்த்தார்.

"வெளிய இருந்து அடிச்சா அது எங்க போகும்?"

"செத்துப் போகும்."

"சாகாதது?"

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

ஐந்தரைக்கு முடிந்தது. முதுகு வலி. ஆனால் மனதுக்குத் திருப்தி. வீட்டுக்காரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது. ரவிக்குச் சொன்னேன், "முடிச்சிட்டேன்" என்று.

ஜூன் 8, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதத்தான் வேண்டும்.

விடியற்காலை பின்பக்கத்தில் கத்தல். ஓடினேன். சுவரில் நாலைந்து. கூரைத்தகட்டில் இரண்டு. கொசுவலைக்கு மேல் ஒன்று, வயிற்றுக்கு அடியில் வெள்ளையாய் வட்டமாய் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு. வலைக்குக் கீழே ஆரபி.

மருந்துக்குத் தப்பினதெல்லாம் உள்ளே வந்துவிட்டது. இவர் கேட்டதுதான் நடந்தது.

எல்லாவற்றையும் பிடித்தேன். போத்தல் போதாமல் பால்மா டின். டீச்சர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினியில் நின்றது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"மலைநாட்டுல இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் டீச்சர். பழகிக்கணும்."

டீச்சர் "ஓம் அன்ரி" கூடச் சொல்லவில்லை.

பின்னேரம் தானே முன்பக்கம் வந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. இவளின்ர அப்பாவோட கதைச்சனான். வாற சனிக்கிழமை வாகனத்தோட வாறார். யாழ்ப்பாணத்தில ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிகமா மாறுறதுக்கு அவர் முந்தியே ஆளைப் பிடிச்சு வச்சிருக்கிறார். நான்தான் இவ்வளவு நாளும் வேண்டாம் எண்டு சொன்னது. இனி எனக்கு ஏலாது."

"வேற வீடு பாத்துத் தாரேன் டீச்சர்."

"இஞ்ச எங்க அன்ரி வேற வீடு?"

உண்மைதான். ஸ்கூலுக்கு நடக்கிற தூரத்தில் வாடகை வீடு நம்முடையது ஒன்றுதான். சின்னப்பிள்ளையோடு தலவாக்கலையிலிருந்து தினம் பஸ்ஸில் வரமுடியாது.

சரி என்றேன். டீ குடிக்கச் சொன்னேன். குடிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மழையா வெயிலா, கவனிக்கவில்லை.

வினோவுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடாமல் அழுதாள். என்னைப்போல் கத்தினால் பரவாயில்லை; இவள் இவர் மாதிரி. "அம்மா, மரபியல் இன்னும் தொடங்கவே இல்லம்மா." அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று மணிக்குப் படியில் செருப்பு. டீச்சர் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை போல. வழக்கம்போலச் சிரிப்புச் சத்தம். எனக்கு மெசினில் கால் ஓடவில்லை. ஜெயா பிளவுஸ் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

"பழகிக்கணும்." இதை எங்கே கேட்டேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். இன்று வெங்காயம் உரிக்கும்போது வந்தது. குவைத்தில், முதல் வீட்டில், எனக்குத் தந்த அறை சமையலறைக்குப் பின்னால். இருட்டினால் கரப்பான் ஊரும், முகத்தில்கூட. மேடத்திடம் அரைகுறை அரபியில் சொன்னேன். மேடம் சிரித்தது. "உங்கள் ஊரில் இதைவிட மோசம் இல்லையா? உனக்குப் பழக்கம்தானே?" என்றது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம். அடுத்த பிளைட்டைப் பிடித்து ஊருக்கு வந்துவிட வேண்டும்போல் இருந்தது. வர முடியவில்லை, அதனால் இருந்தேன்.

டீச்சரால் போக முடியும். போகிறது. அதில் என்ன பிழை.

அந்த மேடம் பேசினது என் வாயால் வந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

அழுது என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக்கு நானே போய் அந்த அறையில் உட்காரப்போகிறேன்.

ஜூன் 10, செவ்வாய். போயா

பௌர்ணமி லீவு, ஸ்கூல் இல்லை. வகுப்பும் இல்லை. காலையில் நல்ல வெயில், பின்னேரம் மூட்டம்.

நாலரைக்குப் போனேன். "உங்க ரூம்ல கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கலாமா டீச்சர்?" டீச்சருக்கு விளங்கவில்லை, ஆனாலும் கதிரை எடுத்துப் போட்டது. பெட்டிகள் கட்டியாயிற்று. சுவரில் ஆரபியின் படங்கள் மட்டும் மிச்சம். எல்லாம் எ.பூ. படம்.

"இதுக்குப் பத்துக் கால்" என்றேன்.

"எட்டுத்தான். மற்ற ரெண்டும் கை" என்றாள் ஆரபி.

டீச்சர் இன்றுதான் முதல்முறை சிரித்தது. அப்படியும் உண்டாம், வாய்க்குப் பக்கத்தில் கை மாதிரி இரண்டு உண்மையாகவே இருக்குமாம். பயம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம்.

உட்கார்ந்திருந்தேன். இந்த அறையைக் கட்டியவள் நான். பூச்சுப் பூசும்போது மேசனோடு சண்டை பிடித்தவள் நான். ஆனால் ஒரு பின்னேரம்கூட இதில் உட்கார்ந்ததில்லை. வாடகைக்கு விடும் அறையில் வீட்டுக்காரி எதற்கு உட்காரப்போகிறாள். குளிர் எங்கே வருகிறது, வெளிச்சம் எப்போது போகிறது, ஒன்றும் தெரியாது. ஜன்னலை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என்று இப்போது தெரிந்தது. காற்று நேரே கட்டில் தலைமாட்டுக்கு வருகிறது.

ஆறு மணிபோல வெளிச்சம் மங்கியது. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் உச்சியில் காற்றுக்கு விட்ட ஓட்டைக்கல். அதில் முதலில் ஒரு கால். பிறகு இரண்டு. பிறகு முழு ஆள். இறங்கி, ஒரு சாண் நகர்ந்து, நின்றது. அதே ஓட்டையில் அடுத்தது.

அந்த ஓட்டைக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறது?

எனக்குத் தெரியும். டோர்ச் எடுத்துக்கொண்டு வெளியே போனேன், போகும்போதே தெரியும். என் விறகு. சரியாக அந்த ஓட்டை உயரம்வரை. காற்றோட்டத்துக்கென்று நானே இடைவெளி விட்டு அடுக்கியது. மழை படாமல் தரப்பாள், அதற்கு மேல் தகரம். தூக்கிப் பார்த்தேன். உள்ளே காய்ந்து கதகதப்பாக. குடும்பம் குடும்பமாக. வாடகை வாங்காமல் ஓர் ஊரையே குடிவைத்திருக்கிறேன். ஏறிவரப் படியும் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் நாளே டீச்சர் சொன்னது. இவர் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கினேன், பிள்ளைக்குத் தடிமன் கொடுத்தேன், மருந்தடித்து எல்லாவற்றையும் கட்டிலுக்கு அனுப்பினேன். விறகை மட்டும் தொடவில்லை.

மூட்டத்துக்குள் நின்று சிரித்தேன். இவர் என்ன என்று வந்தார்.

"நீங்க சொன்னது சரிதான்."

இவர் டோர்ச்சை வாங்கி என் முகத்தில் அடித்துப் பார்த்தார். காய்ச்சலோ என்று நினைத்திருப்பார்.

ஜூன் 11, புதன்

தூறல். வேலை செய்யலாம்.

விடிந்ததும் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது.

"டீச்சர், பெழை என்னுது. வெறகுதான். நீங்க மொதல்லயே சொன்னீங்க. பழகிக்கணும்னு சொன்னேன்ல, அப்புடி சொல்லியிருக்கக்கூடாது. நீங்க இருந்தாலும் சரி போனாலும் சரி, வெறக எடுக்கிறேன்."

டீச்சர் வாசல்படிக்கு இறங்கி வந்தது.

"அன்ரி, நீங்கள் அதை எவ்வளவு பாடுபட்டு அடுக்கினதெண்டு எனக்குத் தெரியும். அதுதான் திருப்பிச் சொல்லேல்ல."

நான் நேரே விறகுப் பக்கம் போய்விட்டேன்.

லயத்தில் பிறந்தவளுக்கு விறகு மேல் இருக்கிற ஆசையை யாரிடம் போய்ச் சொல்ல. கவ்வாத்து வெட்டுகிற மலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த பெண் எங்கள் லயத்தில் கிடையாது. காஸ் இருந்தாலும், கரண்ட் அடுப்பு இருந்தாலும், கை தானாகப் போகும்.

பேக்டரிக்கு இவர் அரை நாள் லீவு. அடுக்கை மேலிருந்து பிரித்தோம். கட்டுக் கட்டாகத் தட்டி, உதறி, முன்னால் ரோட்டோரம். எ.பூ. நாலு பக்கமும் ஓடியது. தேயிலைக்குள் போகட்டும், அதுதான் அதன் இடம்.

ஸ்கூல் விட்டு டீச்சர் வந்தது. கொஞ்ச நேரம் தூரத்தில். பிறகு குடையை மடித்து வைத்துவிட்டு, என் ரப்பர் கிளவுஸைப் போட்டுக்கொண்டு, கட்டு வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தது. மூன்று மணிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று கைமாற்றினார்கள். ஒரு கட்டுக்குள் வெள்ளைப்பையோடு ஒன்று இருந்தது. பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள். டீச்சர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜாம் போத்தலைக் கவிழ்த்தது. கார்டைச் சொருகியது. பிடித்துவிட்டது! போத்தலை உயர்த்திக் காட்டி, முட்டைப்பை பற்றி ரோட்டோரத்திலேயே பாடம்.

"போத்தல நீங்களே வச்சிக்கங்க டீச்சர்" என்றேன்.

வாங்கிக்கொண்டது. ஆனால் பெட்டி ஒன்றும் பிரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அடைமழை. ரோட்டோரம் விறகு மலை மாதிரி. வெளிப்பக்கம் நனைகிறது, தரப்பாள் போதவில்லை. பார்க்க வயிறெரிகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னா செல்வி, கல்யாணமா?" என்று கேட்கிறார்கள்.

ஓட்டைக்கல்லுக்குக் கொசுவலைத் துணியில் உறை தைத்தேன், இலாஸ்டிக் ஓரம். நன்றாக உட்கார்ந்தது. ஜன்னலுக்குக் கனத்த திரையும். புது ஆள் யார் வந்தாலும் வேண்டும்தானே என்று சொல்லிக்கொண்டேன். புது ஆள் வேண்டாம்.

எ.பூ. ஒன்று. குட்டி. டீச்சரே பிடித்ததாக வட்ஸ்அப்.

ஜூன் 13, வெள்ளி

விறகை யாருக்குக் கொடுப்பது? லயத்தில் கேட்டேன், எடுக்கலாம், ஆனால் ஏற்றிப்போக ஆள் வேண்டும். ரவி வேனில் விறகு ஏற்றமாட்டானாம், சீட் அழுக்காகுமாம். தெரிந்த பதில்தான்.

டீச்சர் ஒரு வார்த்தை சொன்னது. ஸ்கூலில் பகல் சாப்பாடு சமைக்கிற அக்காமார் ஈர விறகோடு படும் பாடு, புகை வகுப்புவரை வருமாம். நல்ல இடம். ஆனால் வாகனம்?

பின்பக்கம் எ.பூ. இல்லை. நேற்றுப் பின்னேரம் முதல் இல்லை. வினோ நாலு தடவை போய்க் கேட்டுவிட்டாள்.

நாளைக்கு சனி. வினோ சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. இவர் மட்டும் இரண்டு தட்டம். "வாரவன் மனுசந்தானே, பேசிக்கலாம்" என்றார். இவரா பேசப்போகிறார்.

ஜூன் 14, சனி

வெயில். நம்பமுடியாத வெயில்.

பத்து மணிக்குச் சின்ன லொறி. டீச்சரின் கணவர் சுதன் இறங்கினார். ஒல்லி, கண்ணாடி, மரியாதையான ஆள். யாழ்ப்பாணத்திலிருந்து விடிய விடிய வந்திருக்கிறார். ஆரபி ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். டீ கொடுத்தேன். குடித்தார். அதுவரை சரி.

"என்ன அன்ரி, ரோட்டில இவ்வளவு விறகு?"

நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீச்சர் சொன்னது. முழுக்கதையும். மருந்தடித்ததை மட்டும் சுருக்கிச் சொன்னது, என்னைக் காப்பாற்ற. பிறகு அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டியது: ஓட்டைக்கல்லு, வலை, திரை. கேட்டும் கேட்காமலும் நான் வெளியே நின்றேன்.

"பூச்சி போயிட்டுது, சரி. பூச்சி மட்டுமோ காரணம், தர்சினி? பிள்ளை என்னைப் போனிலதானே பாக்கிறாள்."

குவைத்தில் இருந்தபோது வினோ என்னை அப்படித்தான் பார்த்தாள். அந்த மனுசன் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த நிமிசம் எனக்கு, போகட்டும், குடும்பம் சேர்ந்து இருக்கட்டும் என்றுதான் இருந்தது. வினோவை எப்படித் தேற்றுவது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பிறகு டீச்சர் குரல், மெதுவாக:

"டிசம்பரில சோதினை முடியும். அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுற இடத்துக்கு வாறன். இந்தப் பிள்ளையளை நடுவில விட்டிட்டு வந்தால் எனக்கு நித்திரை வராது. மாசத்தில ரெண்டு தரம் நீங்கள் வாங்கோ. சிலந்திக்குப் பயந்துதான் ஓம் எண்டனான். இப்ப பயம் குறைஞ்சிட்டுது."

ஆரபி தகப்பனுக்குப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தாள். கால், கை, எண்ணிக்கை.

சுதன் வெளியே வந்தார். லொறி டிரைவர் கேட்டான், "ஐயா, சாமான் ஏத்துறதோ?"

சுதன் லொறியைப் பார்த்தார். ரோட்டோர விறகைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"இவ்வளவு தூரம் வந்த லொறி வெறுமையாத் திரும்பேலாது. இதை எங்க அன்ரி கொண்டு போறது?"

"ஸ்கூலுக்குத்தான்" என்று வினோ கத்தினாள். என் மகள் கத்தி இப்போதுதான் கேட்கிறேன்.

எல்லாரும் ஏற்றினோம். இவர், சுதன், டிரைவர், டீச்சர், வினோ, நான். ஆரபி ஒரு குச்சியை ஏற்றினாள். லொறி போகும்போது என் அடுக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். விறகுக்காகவா வேறு எதற்காகவா, தெரியவில்லை.

மத்தியானம் எல்லாருக்கும் நம் வீட்டில் சாப்பாடு. சுதன் ரசம் மூன்று தடவை.

ஜூன் 15, ஞாயிறு

சுதன் காலை பஸ். டீச்சர் பெட்டி பிரிக்கிற சத்தம் சுவர்வழி கேட்டது. நல்ல சத்தம். ரவிக்கு மெசேஜ்: "ரூம் இல்லை."

ஜூன் 16, திங்கள்

மூட்டம். ஜெயா பிளவுஸ் சரிவந்தது, ஒருவழியாக.

மூன்று மணிக்குப் பின் படியில் செருப்பு. மரபியல் தொடங்கியாயிற்று.

பருப்பு வாங்கப் போய் வரும் வழியில் நாலாம் நம்பர் மலையில் கவ்வாத்து. புதிதாக வெட்டியது, கிளை எல்லாம் சும்மா கிடக்கிறது. பார்க்காமல்தான் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். ஒரே ஒரு கட்டு. சின்னக் கட்டு. பின்பக்கம் இல்லை, எங்கள் அறைச் சுவரோரம் சாத்தி வைத்தேன். யாருக்கும் தொந்தரவில்லை.

விளக்குப் போடுகிற நேரம் இவர் அறையிலிருந்து கூப்பிட்டார். கட்டில் தலைமாட்டில், கையகலம்.

"வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு முறைப்பாடு" என்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

போத்தலைத் தேடினேன். போத்தல் பின்பக்கத்தில். டீச்சரைக் கூட்டிவர வினோ ஓடியிருக்கிறாள்.